ஆவணமற்றவர்களின் படை: சிரியப் போரில் ஆப்கன் ஷியாக்கள்

2015 பிப்ரவரி 28 அன்று தெற்குச் சிரியாவில், தரா நகருக்கு வடமேற்கே உள்ள தல் கரீன் குன்றில் அலிரேஸா தவஸ்ஸொலி கொல்லப்பட்டார். படைக்குள் அவரை அபு ஹாமித் என்று அழைத்தார்கள். ஆப்கானிஸ்தானில் பிறந்தவர், ஈரானில் அகதியாக வாழ்ந்தவர், இரண்டு நாடுகளுக்கும் எல்லைகூட இல்லாத மூன்றாவது நாட்டில் மாண்டார். துணைத் தளபதி ரேஸா பக்ஷியும் அவருடன் இறந்தார். அவர்கள் நடத்திய படையின் பெயர் ஃபாத்திமியூன். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஹசாரா இனத்தைச் சேர்ந்த ஆப்கன் ஷியாக்கள். 2011 மார்ச்சில் பள்ளிச் சிறுவர்கள் சுவரில் எழுதியதற்காகக் கைதுசெய்யப்பட்டு வதைக்கப்பட்டபோது சிரிய மக்களின் எழுச்சி வெடித்தது இதே தராவில்தான்.

ஆப்கன் மலைகளைப் பூர்விகமாகக் கொண்ட ஒருவர் தரா குன்றில் சாவதற்கு என்ன காரணம்? நம் செய்தித்தாள்கள் இதற்கு இரண்டே சொற்களில் விடை சொல்லிவந்தன: ஷியா-சன்னி மோதல். 1,300 ஆண்டுப் பகை என்று சொல்லிவிட்டால் விசாரிக்க வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. மதம் இந்தப் போரில் பெரும் பங்கு வகித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபாத்திமியூனின் கதையை நெருங்கிப் பார்த்தால், மதம் கொடியைத் தந்தது, ஆட்களைத் தந்தது அகதி வாழ்வு என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது.

கொடியிலிருந்து தொடங்கலாம். டமாஸ்கஸின் தெற்குப் புறநகரில் ஸெய்யிதா ஸைனப் அடக்கத்தலம் இருக்கிறது. நபிகளின் பேத்தி, இமாம் ஹுசைனின் சகோதரி ஸைனப் அங்கே அடக்கமாகியிருப்பதாக ஷியாக்கள் நம்புகிறார்கள். கி.பி. 680இல் கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்ட பின், உயிர் தப்பிய பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டு டமாஸ்கஸில் கலீஃபா யஜீதின் அவைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த அவையில் தலைநிமிர்ந்து பேசியவர் ஸைனப். ஒவ்வொரு முஹர்ரத்திலும் ஷியா வீடுகளில் நினைவுகூரப்படும் துயரம் அது. 2012இல் கிளர்ச்சிப் படைகள் டமாஸ்கஸின் புறநகர்களை நெருங்கியபோது, ஸைனப் இரண்டாம் முறை சிறைப்பட விடமாட்டோம் என்ற முழக்கம் பெய்ரூட்டிலிருந்து பாக்தாத்வரை ஒலித்தது. அடக்கத்தலத்தைக் காப்பதற்கென்று அபுல் ஃபழ்ல் அல்-அப்பாஸ் படையணி உருவானது. ஈராக்கிய ஷியாக்களும் அந்தப் பகுதியில் வாழ்ந்த அகதிகளும் அதில் சேர்ந்தார்கள்.

இந்த அச்சம் கற்பனை என்று சொல்ல முடியாது. 2006இல் ஈராக்கின் சாமர்ரா நகரிலுள்ள அஸ்கரி அடக்கத்தலத்தின் பொற்குவிமாடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதை ஷியா உலகம் மறந்திருக்கவில்லை. ஸெய்யிதா ஸைனப் பகுதியிலேயே 2016 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பு நடத்திய குண்டுவெடிப்புகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. ஆகவே அடக்கத்தலத்தைக் காக்கப் போனவர்களில் உளமார்ந்த நம்பிக்கையுடன் போனவர்களும் உண்டு. அவர்களைக் கூலிப்படை என்ற ஒற்றைச் சொல்லால் அடையாளப்படுத்துவது நியாயமாகாது. அதே சமயம் அலெப்போ அந்த அடக்கத்தலத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பல்மைரா பாலைவனத்தில் இருக்கிறது. ஈராக் எல்லையிலுள்ள அபு கமாலில் காக்க வேண்டிய அடக்கத்தலம் எதுவும் இல்லை. மூன்று இடங்களிலும் ஃபாத்திமியூன் போரிட்டது.

ஈரானின் கணக்கு வேறாக இருந்தது. 1980இல் சதாம் ஹுசைன் ஈரான்மீது படையெடுத்தபோது ஈரான் பக்கம் நின்ற அரபு நாடுகள் மிகச் சில. சிரியா அவற்றில் முதன்மையானது. சிரியாவை ஆண்ட அசாத் குடும்பம் அலவிப் பிரிவைச் சேர்ந்தது. அலவிகளை ஷியாக்களாக ஏற்கலாமா என்பதே நெடுங்காலம் விவாதமாக இருந்து, 1973இல் லெபனானின் இமாம் மூஸா சத்ர் அங்கீகரித்த பிறகுதான் ஓரளவு ஓய்ந்தது. எனவே தெஹ்ரான்-டமாஸ்கஸ் உறவு வழிபாட்டில் பிறந்ததல்ல. பொது எதிரி அதை உருவாக்கினான். லெபனானின் ஹிஸ்புல்லாவுக்கு ஆயுதம் போய்ச்சேரும் தரைவழி அதைக் கெட்டிப்படுத்தியது. அசாத் வீழ்ந்தால் அந்த வழி அடைபடும். ஆகையால் புரட்சிக் காவல் படையின் வெளிநாட்டுப் பிரிவான குத்ஸ் படையும் அதன் தளபதி காசிம் சுலைமானியும் சிரியாவை ஈரானின் முதல் தற்காப்பு அரணாகக் கருதினார்கள்.

அந்த அரணில் யார் நிற்பது? முதலில் ஹிஸ்புல்லா வந்தது. 2013 மே 25 அன்று அதன் தலைவர் ஹசன் நஸ்ரல்லா தம் படை சிரியாவில் போரிடுவதை வெளிப்படையாக அறிவித்தார். ஜூன் 5இல் லெபனான் எல்லையருகேயுள்ள குஸைர் நகரம் அரசுத் தரப்பிடம் வீழ்ந்தது. ஈராக்கிலிருந்து அஸாயிப் அஹ்லுல் ஹக், கத்தாயிப் ஹிஸ்புல்லா, அக்ரம் அல்-காபியின் நுஜபா ஆகிய ஆயுதக் குழுக்கள் வந்தன. ஆனால் 2014 ஜூனில் மோசுல் ஐ.எஸ். கையில் விழுந்ததும் ஈராக்கிய வீரர்கள் பலர் சொந்த மண்ணைக் காக்கத் திரும்பினார்கள். ஈரான் தன் சொந்தப் பிள்ளைகளைப் பெருமளவில் அனுப்பத் தயங்கியது. எட்டாண்டு ஈராக் போரில் லட்சக்கணக்கில் இழந்த நாடு அது. காஸாவும் வேண்டாம் லெபனானும் வேண்டாம் என்ற முழக்கம் 2009லேயே தெஹ்ரான் வீதிகளில் கேட்டிருந்தது. 2015 அக்டோபரில் ஜெனரல் ஹுசைன் ஹமதானி அலெப்போ அருகே கொல்லப்பட்டதும், 2016 மேயில் கான் தூமானில் மாஸந்தரான் மாகாணத்து வீரர்கள் 13 பேர் ஒரே தாக்குதலில் இறந்ததும் ஈரானில் பெரும் அதிர்ச்சியாயின. இறந்தாலும் கேள்வி எழுப்ப ஆளில்லாதவர்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் ஈரானுக்குள்ளேயே லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

1979இல் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததிலிருந்து ஆப்கன் மக்கள் ஈரானுக்கு ஓடிவந்துகொண்டே இருக்கிறார்கள். ஹசாராக்களின் ஓட்டம் அதற்கும் பழையது. 1890களில் அமீர் அப்துர் ரஹ்மானின் படைகள் அவர்களைக் கொன்றும் அடிமைகளாக விற்றும் நிலங்களைப் பறித்தும் சிதறடித்தன. மஷ்ஹதிலும் குவெட்டாவிலும் இன்றுள்ள ஹசாராக் குடியிருப்புகளின் வேர் அங்கே இருக்கிறது. 1998 ஆகஸ்டில் தாலிபான்கள் மஸார்-இ-ஷரீஃபில் வீடு வீடாகப் புகுந்து ஹசாராக்களைத் தேடிக் கொன்றார்கள். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் ஈரான் எல்லையைக் கடந்தார்கள்.

ஈரான் அவர்களை உள்ளே விட்டது. அதை மறைக்கக் கூடாது. உலகின் பெரும் அகதிச் சுமைகளில் ஒன்றை அந்த நாடு பெரும்பாலும் தனியாகவே தாங்கியது. ஆனால் உள்ளே விட்டதற்கும் வாழவிட்டதற்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. 2003இல் தொடங்கிய ஆமாயிஷ் அட்டை முறையில் பதிவானவர்கள் சுமார் 8 லட்சம் பேர். அட்டையை அடிக்கடி கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அகதி என்ற தகுதியே போய்விடும். பதிவில்லாதவர்கள் இருபது லட்சம்வரை இருந்ததாக மதிப்பீடுகள் கூறின. அட்டை இருந்தாலும் சில மாகாணங்களுக்குள் நுழையக் கூடாது. கட்டட வேலை, செங்கல் சூளை, கல்லறுப்பு, பண்ணைக் கூலி என்று அரசு பட்டியலிட்ட உடலுழைப்பு வேலைகளை மட்டுமே செய்யலாம். ஈரானிலேயே பிறந்து ஈரானியப் பேச்சு வழக்கில் பேசி வளர்ந்தவருக்கும் குடியுரிமை இல்லை. தாய் ஈரானியராக இருந்து தந்தை ஆப்கானியராக இருந்தால்கூட, 2019இல் சட்டம் திருத்தப்படும்வரை பிள்ளை அந்நியர்தான். ஆவணமற்ற ஆப்கன் குழந்தைகளையும் பள்ளியில் சேர்க்கும்படி உச்சத் தலைவர் அலி கமேனி உத்தரவிட்டது 2015இல்தான். வேலைக்குப் போகும் வழியில் போலீஸ் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு நாளும் இருந்தது.

இந்த வாழ்க்கைக்குள்தான் ஆள்சேர்ப்பவர் வந்தார். ஃபாத்திமியூனின் முதல் அணியினர் பழைய போராளிகள். ஈரான்-ஈராக் போரில் ஈரானுக்காகப் போரிட்ட ஆப்கானியர்களின் அபூதர் படையணி, ஆப்கானிஸ்தானில் இயங்கிய முஹம்மது படை ஆகியவற்றில் இருந்தவர்கள். அவர்களிடம் கொள்கைப் பிடிப்பு இருந்தது. பழைய தோழமையும் இருந்தது. படை பெருகியபோது வந்த இளைஞர்களின் நிலை வேறு. மாதம் சில நூறு டாலர் சம்பளம், பத்தாண்டுவரை செல்லும் என்று சொல்லப்பட்ட வசிப்புரிமை, குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்பவை வாக்குறுதிகள். சில வாரப் பயிற்சி, பிறகு டமாஸ்கஸுக்கு விமானம். 2015இன் பிற்பகுதியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஈரானில் வாழ்ந்த இருபத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர்களைப் பேட்டி கண்டது. சிலர் மத நம்பிக்கையால் போனதாகச் சொன்னார்கள். சிலர் வசிப்புரிமைக்காகப் போனார்கள். போகாவிட்டால் நாடு கடத்துவோம் என்று மிரட்டப்பட்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். 2019இல் அமெரிக்க அமைதி நிறுவனத்துக்காக இந்தப் படையை ஆராய்ந்த ஆப்கன் ஆய்வாளர் அஹ்மத் ஷுஜா ஜமாலும் பணமும் வசிப்புரிமையும் பெரும் உந்துதல்களாக இருந்ததைப் பதிவுசெய்தார். 2013 முதல் மொத்தம் 50,000 பேர்வரை அதில் போரிட்டிருக்கலாம் என்பது அவர் தந்த மேல்வரம்பு. ஒரே சமயத்தில் களத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையை மற்றவர்கள் 5,000 முதல் 20,000வரை பலவாறாக மதிப்பிட்டார்கள்.

உந்துதல்களை இப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பட்டியலிடுவதில் ஒரு குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரே மனிதருக்குள் இவை எல்லாமே சேர்ந்து கிடக்கும். ஸைனபின் துயரத்தைக் கேட்டு அழுது வளர்ந்த ஓர் இளைஞர், சூளையில் கூலி பாக்கி நிற்கும்போது, அம்மாவின் அட்டை காலாவதியாகும் நேரத்தில், இதுவரை ‘ஆப்கானி’ என்று இளக்காரமாக விளித்த நாடு தன்னை ‘அடக்கத்தலக் காவலர்’ என்று வாழ்த்தி அழைப்பதைக் கேட்கிறார். சம்பளத்தைவிட அந்த மரியாதையே சிலரை இழுத்திருக்கும். உயிரோடிருந்தபோது வாடகைக்கு வீடு கிடைக்காதவரின் சவப்பெட்டி மஷ்ஹதிலும் கும் நகரிலும் ஊர்வலமாகப் போனது. அவர் படம் பதாகையில் ஏறியது. 2016 மேயில் ஈரானிய நாடாளுமன்றம், நாட்டுக்காகப் போரிட்டு இறந்த அந்நியர்களின் குடும்பங்களுக்குக் குடியுரிமை வழங்க அரசுக்கு அதிகாரம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. உழைத்தவருக்குக் கிடைக்காதது இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று ஒரு நாடு சட்டமாகவே எழுதியது.

சிறுவர்களும் போனார்கள். 2017 அக்டோபரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஈரானியக் கல்லறைகளின் புகைப்படங்களை ஆராய்ந்து, சிரியாவில் இறந்த எட்டு ஆப்கன் சிறுவர்களை அடையாளம் கண்டது. அவர்களில் 14 வயதுச் சிறுவனும் உண்டு. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் போரில் ஈடுபடுத்துவது பன்னாட்டுச் சட்டப்படி போர்க்குற்றம். சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்யும் ஐ.நா. விருப்ப நெறிமுறையில் ஈரான் 2010இல் கையெழுத்திட்டது. ஆனால் அதை ஏற்புறுதி செய்யவில்லை. சேர வந்தவர்களில் பலர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆவணமே இல்லாத சிறுவனின் வயதை ஆவணத்தால் சரிபார்க்கவும் முடியாதுதான். ஆனால் அவனுக்கு ஆவணம் தராமல் வைத்திருந்ததும், அவனைப் படைக்கு எடுத்துக்கொண்டதும் ஒரே அரசு.

எத்தனை பேர் இறந்தார்கள்? ஈரானியச் செய்திகளில் வந்த இறுதிச் சடங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிவந்த ஆய்வாளர் அலி அல்ஃபோனே சுமார் 900 ஆப்கானியர்களைக் கணக்கில் கொண்டுவந்தார். ஃபாத்திமியூனின் பண்பாட்டுப் பிரிவு அதிகாரி ஒருவரே 2018 ஜனவரியில் 2,000 பேருக்கு மேல் இறந்ததாகவும் 8,000 பேர் காயமடைந்ததாகவும் சொன்னார். இரண்டு எண்களுக்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள்.

பாகிஸ்தான் ஷியாக்களின் ஸைனபியூன் படை இதைவிடச் சிறியது. பாராச்சினார் பகுதியிலிருந்தும் ஈரானில் வாழ்ந்த பாகிஸ்தானியர்களிடமிருந்தும் ஆள் சேர்ந்தது. அமெரிக்கா 2019 ஜனவரியில் இரு படைகளையும் தடைப்பட்டியலில் சேர்த்தது; பாகிஸ்தான் 2024இல் ஸைனபியூனைத் தடைசெய்தது.

படையினர் யாருக்கு எதிராக நிறுத்தப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. அகதி என்பதால் ஒருவர் செய்ததெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடாது. ஈரான் ஆதரவுப் படைகள் ஐ.எஸ்.சை எதிர்த்துப் பல்மைராவிலும் தைர் அஸ்-ஸோரிலும் போரிட்டன, உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, சொந்த மக்கள்மீது பீப்பாய்க் குண்டு வீசிய ஓர் அரசை அவை தாங்கிப்பிடித்தன. 2015-16 குளிர்காலத்தில் லெபனான் எல்லையோர மதாயா நகரை அரசுப் படையும் ஹிஸ்புல்லாவும் முற்றுகையிட்டிருந்தன. டிசம்பர் தொடங்கிச் சில வாரங்களுக்குள் அங்கே இருபதுக்கும் மேற்பட்டோர் பட்டினியால் இறந்ததை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பதிவுசெய்தது. 2016 டிசம்பரில் கிழக்கு அலெப்போ வீழ்ந்தபோது அரசுத் தரப்புப் படைகள் 82 பொதுமக்களைக் கொன்றதாக நம்பகமான தகவல்கள் கிடைத்ததை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்டது. ஓர் ஈராக்கிய ஆயுதக் குழுவின் பெயரும் அதில் அடிபட்டது. எந்த மொழி பேசுபவர் தங்கள் தெருவில் துப்பாக்கியுடன் நிற்கிறார் என்றே சிரியர்களுக்குப் புரியாத நாட்கள் அவை.

எதிர்த்தரப்பின் கையும் சுத்தமாக இருக்கவில்லை. இத்லிப் மாகாணத்தின் ஃபுவா, கஃப்ராயா ஆகிய ஷியா ஊர்களைக் கிளர்ச்சிப் படைகள் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டன. 2017 ஏப்ரலில் கத்தார், ஈரான் தரப்புகள் பேசி முடித்த ஒப்பந்தப்படி அந்த ஊர் மக்கள் பேருந்துகளில் வெளியேறியபோது, ரஷிதீன் என்ற இடத்தில் வெடித்த குண்டு 120க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். வெளிநாட்டு சன்னிப் போராளிகளும் டஜன் கணக்கான நாடுகளிலிருந்து ஆயிரமாயிரமாக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு தரப்பின் கொடுமையும் மறுதரப்பின் ஆள்சேர்ப்புக்கு உதவியது.

ஷியா உலகம் முழுவதும் இந்தப் போருக்குப் பின்னால் நின்றது என்ற எண்ணமும் தவறு. ஈராக்கின் நஜஃப் நகரிலுள்ள பெரும் அயத்துல்லா அலி சிஸ்தானி 2014 ஜூனில் ஆயுதம் ஏந்துமாறு விடுத்த ஃபத்வா ஈராக்கைக் காப்பதற்கானது. சிரியாவுக்குப் போக அவர் அனுமதி தரவில்லை. ஹிஸ்புல்லாவின் முதல் பொதுச்செயலாளர் சுபஹி துஃபைலி, தாம் தலைமை தாங்கிய அதே இயக்கம் சிரியாவில் போரிடுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். ‘ஷியாக்கள் போரிட்டார்கள்’ என்று எழுதும்போது இவர்கள் காணாமல் போகிறார்கள்.

போருக்கே போகாதவர்களும் விலை கொடுத்தார்கள். 2016 ஜூலை 23 அன்று காபூலின் தெஹ்மஸங் சதுக்கத்தில் ஹசாராக்கள் கூடியிருந்தார்கள். பாமியான் வழியாக மின்பாதை வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. தற்கொலைத் தாக்குதலில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறுப்பேற்ற ஐ.எஸ். தரப்பினர், ஹசாராக்கள் சிரியாவில் அசாதுக்காகப் போரிடுவதைக் காரணமாகச் சொன்னார்கள். ஹசாராக்களைக் கொல்ல ஐ.எஸ்.சுக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. ஆனால் ஃபாத்திமியூன் அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்தது. மின்சாரம் கேட்டு வந்த கல்லூரி மாணவர்கள், எங்கோ முடிவெடுக்கப்பட்ட போருக்காகக் கொல்லப்பட்டார்கள். சிரியாவிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பிய இளைஞர்கள் எங்கே போயிருந்தோம் என்பதை அண்டைவீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் ஈரானிய வெளியுறவு அமைச்சர் ஜவாத் ஸரீஃப் ஆப்கன் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், காபூல் அரசு ஐ.எஸ்.சுக்கு எதிராக இவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னபோது ஆப்கானிஸ்தானில் கோபம் கிளம்பியது. சொந்த நாட்டு இளைஞர்களைப் பற்றி அண்டை நாட்டு அமைச்சர் ஆயுதக் கையிருப்பைப் போலப் பேசினால் யார்தான் கோபப்படமாட்டார்கள்?

சிரியாவில் முடிவு வேகமாக வந்தது. 2024 நவம்பர் 27இல் ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாம் என்ற கிளர்ச்சிக் குழுவின் தலைமையிலான தாக்குதல் தொடங்கியது. டிசம்பர் 8இல் அசாத் மாஸ்கோவுக்குத் தப்பினார். ஈரானின் பன்னிரண்டு ஆண்டு முதலீடு பன்னிரண்டு நாட்களில் கரைந்தது. சிரியாவிலுள்ள ரஷ்யாவின் ஹமைமீம் விமானத் தளத்திலிருந்து 4,000 ஈரான் தரப்புப் போராளிகளைத் தெஹ்ரானுக்கு விமானத்தில் அனுப்பியதாக ரஷ்ய அதிபர் புடின் பின்னர் சொன்னார். ஸைனப் அடக்கத்தலம் இடிக்கப்படவில்லை. புதிய ஆட்சியின் காவலர்கள் அங்கே நின்றார்கள். 2025 ஜனவரியில் அதைத் தகர்க்க ஐ.எஸ். தீட்டிய சதியை முறியடித்ததாக அறிவித்தவர்களும் அவர்களே. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட நியாயம் இதனால் முழுவதும் பொய்யாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சிரியச் சிறுபான்மையினரின் அச்சம் இன்றும் தீரவில்லை. 2025 மார்ச்சில் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான அலவிகள் கொல்லப்பட்டதை உலகம் பார்த்தது.

ஈரானில் ஆப்கானியர்களுக்கு என்ன ஆயிற்று? 2025 ஜூனில் இஸ்ரேலுடனான பன்னிரண்டு நாள் போருக்குப் பிறகு, உளவாளிகள் என்ற சந்தேகம் அவர்கள்மீது ஏவப்பட்டது. ஆவணமற்றவர்கள் ஜூலை 6க்குள் வெளியேற வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டிருந்தது. ஆப்கன் எல்லையிலுள்ள இஸ்லாம் கலாவில் சில நாட்களில் நாளொன்றுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் புழுதியில் இறக்கிவிடப்பட்டார்கள். அந்த ஓராண்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆப்கானியர்கள் தாலிபான் ஆட்சிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹசாராக்களும் அவர்களில் உண்டு.

2025 மேயில் சிரியா அமைத்த இடைக்கால நீதி ஆணையத்தின் அதிகார வரம்பு முந்தைய ஆட்சியின் குற்றங்களோடு நின்றுவிடுகிறது. மதாயாவில் பட்டினியால் இறந்தவர்களுக்கு அதில் இடம் கிடைக்கலாம். ரஷிதீனில் இறந்த குழந்தைகளுக்குக் கிடைக்காது. பதினான்கு வயதில் படைக்கு எடுக்கப்பட்ட ஆப்கன் சிறுவனைப் பற்றி அது பேசப்போவதே இல்லை. ஆனால் 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய சிரியாவுக்கான புலனாய்வுப் பொறியமைப்பு, 2011 மார்ச் முதல் எல்லாத் தரப்பின் குற்றங்களுக்கும் சான்று திரட்டும் அதிகாரம் பெற்றது. ஆப்கன் சிறுவர்களைச் சேர்த்தவர்கள், பயிற்சி தந்தவர்கள், விமானம் ஏற்றியவர்கள் பற்றிய சான்றுகளையும் அது திரட்ட வேண்டும். ஈரானிலிருந்து துரத்தப்பட்டு ஹேராத்திலும் காபூலிலும் இறங்கியிருப்பவர்களில் சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடியும் சிதறிப்போவதற்குள் அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யப்பட வேண்டும்.